வன்னி வழியில் இராத்தங்கல்

அரசன் எங்கே முடிசூடினான், படைகள் எங்கே பொருதன என்பவற்றை வரலாற்று நூல்கள் நமக்குச் சொல்லித் தந்துவிட்டன. நிலம் யாருடையது, விளைவு யாருக்குப் போயிற்று என்ற வினாக்களையும் இப்பொழுது நாம் கேட்கப் பழகியிருக்கிறோம். ஆயின், வழிநடந்து களைத்த மனிதன் இரவு எங்கே தலைசாய்த்தான், அவனுக்குக் கூரை கொடுத்தவர் யார், மறுத்தவர் யார் என்ற வினா இன்னும் நமது வகுப்பறைகளுக்கு வந்து சேரவில்லை. வினா சிறியதுதான். எனினும் அதனைப் பற்றிக்கொண்டு போனால் ஒரு சமுதாயத்தின் அமைப்பிற் பெரும்பகுதியை விளங்கிக்கொள்ள முடியும்.

இன்று இவ்வினாவை எழுப்புவதற்குக் காரணம் உண்டு. விடுமுறை நாட்களிற் காட்டுப்புறம் சென்று தங்கிவரும் விருப்பம் நகரத்தாரிடையே வளர்ந்து வருகின்றது. குளக்கரையில் மரக்குடில், மரநிழலிற் கூடாரம், படுக்கையும் அடுப்பும் பொருத்திய மோட்டார் வண்டி என்று மாதக்கணக்கில் முன்கூட்டியே திட்டமிடுகிறார்கள். போர் முடிந்து பாதை திறந்தபின் வன்னிக் காடும் குளங்களும் இவர்களுடைய கண்ணிற் பட்டிருக்கின்றன. உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டும் என்பது தொழிலாளர் இயக்கம் போராடிப் பெற்ற உரிமை. அதனைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆனால், எந்தக் காட்டிற் கூடாரம் அடிக்கப் போகிறோமோ அந்தக் காட்டில் நமக்கு முன் படுத்தெழுந்தவர் யார் என்பதை அறிந்துகொண்டு திட்டமிடுவதே அறிவுடைமையாகும்.

வன்னி மழையை நம்பி வாழும் நிலம். ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக்காற்றுக் கொண்டுவரும் மழையைக் குளங்களிலே தேக்கிவைத்து, எஞ்சிய மாதங்களை அந்த நீரைக் கொண்டே மக்கள் கழித்தனர். குளம் இருந்த இடத்தில் ஊர் இருந்தது. குளம் உடைந்தால் ஊர் அழிந்தது. காடு திரும்பி வந்தது. ஊருக்கும் ஊருக்கும் இடையே யானையும் கரடியும் உலவும் காடு. எல்லாவற்றையும்விடக் கொடியது மலேரியாக் காய்ச்சல். 1940களின் பிற்பகுதியில் நுளம்பொழிப்பு மருந்து தெளிக்கப்படும்வரை வன்னிக்குப் போவதென்றால் வீட்டார் அஞ்சியதற்கு அக்காய்ச்சலே முதற் காரணம்.

இக்காட்டை ஊடறுத்துச் செல்வதே இன்று ஏ-9 எனப்படும் கண்டி வீதி. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்கு ஏறத்தாழ 140 கிலோமீற்றர். மாட்டுவண்டிக் காலத்தில் இது பல இரவுகளின் பயணம். புகையிலையும் கருவாடும் தெற்கே போயின. நெல்லும் மரமும் வடக்கே வந்தன. வண்டில்காரர் தனியே போவதில்லை. பல வண்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். வெயிலில் மாடுகளை அவிழ்த்துவிட்டு ஓய்ந்து, நிலவிலும் பின்னிரவிலும் வழிநடப்பர். கூடார வண்டிலின் வளைந்த கூரையே அவர்களுக்கு வீடு. வண்டிலின் கீழே விளக்கும், பக்கத்திலே சட்டி பானையும் தொங்கும். இன்றைய உல்லாசப் பயணி பெரும்பணம் கொடுத்து வாங்கும் நடமாடும் வீட்டை நம் வண்டில்காரன் பிழைப்பிற்காக வைத்திருந்தான்.

அவனிடமும் திட்டம் இருந்தது. எந்தக் குளத்தில் எந்த மாதம்வரை நீர் நிற்கும், எந்த வளைவில் யானை குறுக்கிடும், எந்தத் துரவின் நீர் குடிக்க ஏற்றது என்பவற்றைத் தகப்பனிடமிருந்து மகன் கற்றான். அரிசியும் மாவும், ஒடியலும் பனாட்டும், கிடுகும் பாயும் அளவறிந்து ஏற்றப்பட்டன. இரவில் மூட்டும் நெருப்பு சோறாக்குவதற்கு மட்டுமன்றி விலங்குகளை விலக்குவதற்கும் உதவியது. முறிகண்டிப் பிள்ளையார் முன் வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டுப் போகும் வழக்கம் இத்தகைய அச்சத்திலும் களைப்பிலும் வேர்கொண்ட ஒன்றே. மோட்டார் வந்த பின்னரும் அவ்வழக்கம் அழியவில்லை.

காட்டில் மக்கள் கூட்டமாகத் தங்கிய இன்னொரு வகையும் இருந்தது. அது யாத்திரை. முல்லைத்தீவுக் கரையிலே வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலும், மன்னார்ப் பெருங்காட்டிலே மடுமாதாவின் ஆடி, ஆவணித் திருவிழாக்களும் ஆயிரக்கணக்கானோரை ஈர்த்தன. மடுவின் கதை ஈண்டுச் சிறப்பாக மனங்கொள்ளத்தக்கது. ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்து ஒடுக்கியபோது, 1670ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் மாதாவின் திருவுருவத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடின. அவ்வகதிகளின் ஒதுக்கிடமே பிற்காலத்திற் பெரும் யாத்திரைத்தலமாயிற்று. திருவிழாக் காலத்தில் மரங்களின் கீழ்க் கொட்டில்களும் கூடாரங்களுமாக ஒரு நகரம் எழும். தமிழரும் சிங்களவரும் அடுத்தடுத்து அடுப்பு மூட்டுவர். கத்தோலிக்கர் அல்லாதோரும் நேர்த்திக்கு வருவர். விழா முடிந்ததும் நகரம் மறைந்து காடு மட்டும் நிற்கும்.

யாத்திரைக் கொட்டிலை அமைத்தவர்களே அதிற் படுத்தார்கள். தடி வெட்டியவனும் கிடுகு கட்டியவளும் பிறருக்கு ஏவல் செய்யவில்லை. தம் குடும்பத்திற்காகவே செய்தார்கள். நீரும் நெருப்பும் அயலாரோடு பகிரப்பட்டன. காட்டில் மனிதன் தங்கிய வகைகளுள் மாண்புடையது இதுவே எனலாம்.

ஆயினும் நமது பழமை முழுவதையும் பொன்மயமாக்கிக் காட்டுவது வரலாற்று நேர்மையாகாது. வழிப்போக்கருக்கென மடம் கட்டுவதும், தண்ணீர்ப்பந்தல் வைப்பதும், சுமைதாங்கி நாட்டுவதும் நம்மவரின் அறங்களாக இருந்தன, உண்மை. ஆனால் அந்த அறத்தின் வாசலிலே சாதி காவல் நின்றது. ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவன் மடத்துத் திண்ணையில் ஏறவும், கிணற்றில் வாளி போடவும் முடியாதிருந்த இடங்கள் யாழ்ப்பாணத்திற் பல. பொது விடுதியிலும் உணவுச்சாலையிலும் கிணற்றிலும் எவரையும் சாதி காட்டித் தடுப்பதைக் குற்றமாக்கிய சமுதாயக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இலங்கைப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது 1957ஆம் ஆண்டிலேதான். சட்டம் வந்தபின்னும் தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் அதை நடைமுறைப்படுத்த 1960களின் இறுதியிற் போராட்டங்கள் வேண்டியிருந்தன.

இனி, அந்நிய ஆட்சியின் கூடாரத்துக்கு வருவோம். ஆங்கில அதிகாரிக்கு மாவட்டத்தைச் சுற்றிப் பார்ப்பது கடமை, வேட்டையாடுவது பொழுதுபோக்கு. பெரும்பாலும் இரண்டும் ஒரே பயணத்தில் நடந்தன. கூடாரம், கட்டில், மேசை, குளிக்கும் தொட்டி, பெட்டி பெட்டியாகப் போத்தல்கள் ஆகியன சுமப்போர் தோளிலும் மாட்டுவண்டியிலும் முன்னே சென்றன. துரை குதிரையிற் பின்னே வந்தார். அவர் வந்திறங்கும்போது காடு வெளியாக்கப்பட்டிருக்கும். அடுப்பிலே நீர் கொதித்துக்கொண்டிருக்கும். கிராமத்துத் தலைமைக்காரர் கோழியும் முட்டையும் பாலும் திரட்டி வைத்திருப்பர். துரையின் நாட்குறிப்பில் அவ்விரவு இனிமையானதாகப் பதிவாகும். கோழியைப் பறிகொடுத்த வீட்டில் நாட்குறிப்பு எழுதுவார் இலர்.

இவர்கள் வந்த பாதையும் இலவசமாக வந்ததன்று. இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் 1832இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் 1848இன் வீதிச் சட்டம் 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் ஆண்டொன்றுக்கு 6 நாள் வீதிவேலை செய்யவேண்டும், அன்றேல் பணம் கட்டவேண்டும் என்று விதித்தது. பணமுள்ளவன் கட்டினான், இல்லாதவன் மண் சுமந்தான். கட்டாய ஊழியம் வேறு வாசல் வழியாகத் திரும்பிவந்தது. அவ்வாண்டில் நாட்டின் பல பகுதிகளில் மக்கள் கிளர்ந்தெழுந்ததற்குத் தூண்டுகோலான புதிய சுமைகளுள் இதுவும் ஒன்று.

வேட்டையின் அளவை ஓர் எண்ணிக்கை காட்டும். யானைகளைக் கொல்வோருக்கு அரசாங்கம் பரிசளித்து வந்தது. 1848க்கு முந்திய மூன்றாண்டிலும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு மேல் கொல்லப்பட்டுப் பரிசு வழங்கப்பட்டதாக, இலங்கையிற் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதிவைத்திருக்கிறார். இன்று காட்டோரப் பயிருக்குள் யானை வரும்போது மனிதனும் விலங்கும் ஆதியிலிருந்தே பகைவர் என்று பேசுவோர் இந்த எண்ணிக்கையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பின்னர் வீதிகளின் ஓரத்திலே வாடிவீடுகள் எழுந்தன. அகன்ற விறாந்தையும் சாய்வு நாற்காலியும் கொண்ட இவை பெயரளவில் வழிப்போக்கருக்குப் பொதுவானவை. கடமை மேல் வரும் உத்தியோகத்தருக்கே முதலிடம். கட்டணமும் பழக்கவழக்கமும் சேர்ந்து வண்டில்காரனை வெளியே மரத்தடியில் நிறுத்தின. ஆனையிறவில் ஒல்லாந்தர் காலத்துச் சிறு கோட்டையே பிற்காலத்தில் வாடிவீடாகிப் போரின்போது அழிந்தது. 1905 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் வேலையேற்க வந்த இளம் அதிகாரி லெனாட் வுல்ஃப், வடபாதை இரயில் இன்னும் இணையாதிருந்தமையால், அனுராதபுரத்துக்கு வடக்கே தபால் மாட்டுவண்டியிலே காட்டைக் கடந்தார். அவ்வாண்டிலேயே இரயில் பாதை முழுமையடைந்தது. ஏகாதிபத்தியத்தின் ஊழியராக வந்து அதன் கண்டனக்காரராக மாறியவர் அவர். 1961இல் வெளிவந்த தம் நினைவுநூலில் அப்பயணத்தை விரித்துரைத்திருக்கிறார்.

இதே காலத்தில் வன்னியின் தென்மேற்கு ஓரத்தால் வேறொரு கூட்டம் நடந்தது. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்ற தொழிலாளர் அவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நூறு மைலுக்கு மேல் நடந்தனர். ஆரம்ப காலத்தில் இவர்களுக்கு மடமுமில்லை, மருந்துமில்லை. கொலராவும் காய்ச்சலும் பசியும் வழியெங்கும் அவர்களை வீழ்த்தின. 1840களில் மட்டும் 70,000 பேர் மாண்டனர் என்று 1849இற் கொழும்புப் பத்திரிகையொன்று மதிப்பிட்டது. அவ்வெண் மிகையெனக் கொள்ளும் ஆய்வாளரும் இறந்தோர் பல்லாயிரவர் என்பதை மறுப்பதில்லை. தங்குமிடங்களும் கிணறுகளும் மருத்துவச்சாலைகளும் பிந்தியே வந்தன. 1899இல் இவ்வழி தொழிலாளர் வரவுக்கு மூடப்பட்டது. துரையின் கூடாரமும் தொழிலாளியின் மரத்தடியும் ஒரே காட்டில், ஒரே நூற்றாண்டில் இருந்தன. ஒன்றின் சுகத்துக்கு வேண்டிய செல்வத்தைப் படைத்தது மற்றதன் துயரம்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. குடிலிலும் நடமாடும் வண்டியிலும் காட்டுப்புறம் தங்கும் பழக்கத்திற் பெயர்பெற்றது அமெரிக்காவின் தென்பகுதி. அங்குள்ள மாநிலப் பூங்காக்களின் மரக்குடில்கள் பலவற்றை 1933க்கும் 1942க்கும் இடையில், பொருளாதார வீழ்ச்சியால் வேலையிழந்த இளைஞரைக் கொண்டு ரூஸ்வெல்ட் அரசாங்கம் கட்டுவித்தது. வேலையற்றோருக்கு வேலையும் பொதுமக்களுக்குப் பொழுதுபோக்கும் தந்த நல்ல திட்டந்தான். ஆனால் அப்பூங்காக்களிற் பெரும்பாலானவை கறுப்பின மக்களுக்கு மூடப்பட்டிருந்தன. சிலவற்றில் அவர்களுக்கெனத் தனிப்பகுதி ஒதுக்கப்பட்டது. காரிற் பயணம் போகும் கறுப்பினக் குடும்பம் எந்த ஊரில் அவமானமின்றி இராத்தங்கலாம் என்று அறிவதற்கே தனி வழிகாட்டி நூல் வேண்டியிருந்தது. நியூயோர்க்கில் விக்டர் கிறீன் என்ற தபாற்காரர் 1936 முதல் வெளியிட்ட நூல் அது. விடுதிகளில் நிறம் காட்டி மறுப்பதை 1964இன் குடியுரிமைச் சட்டம் தடைசெய்தது. நமது 1957ஐயும் அவர்களது 1964ஐயும் அருகருகே வைத்து நோக்கினால், இராத்தங்கும் உரிமை எங்கும் தானாகக் கனிந்து விழவில்லை என்பது புலனாகும்.

மீண்டும் வன்னிக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டிலே காடு வெட்டிக் குளங்கட்டிக் குடியேற்றங்கள் அமைந்தன. இரணைமடுவின் நீர் கிளிநொச்சியை வயலாக்கியது. நிலமற்றோரும், படித்து வேலையற்றோரும், 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் இனவன்செயல்களாற் பெயர்க்கப்பட்டோரும் வந்தனர். மலையகத்திலிருந்து வந்தோர் அவர்களுட் பலர். மன்னார் வழியே மலைக்கு நடந்த தொழிலாளியின் கொள்ளுப்பேரன், நூறாண்டுக்குப் பின் அகதியாகி அதே காட்டுக்கு வந்து கொட்டில் போட்டான்.

முறிகண்டிக்கு மேற்கே, அக்கராயன் குளத்தை அண்டியிருக்கும் ஸ்கந்தபுரம் இவ்வாறு காட்டின் நடுவே உழைப்பால் எழுந்த சிற்றூர்களுள் ஒன்று. அதன் பெயரைப் பலர் அறிந்தது துயரக் காலத்திலேயே. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் இரவோடிரவாக வெளியேறினர். மறு ஆண்டிற் பெருந்தொகையினர் கடல்நீரேரியைத் தாண்டி வன்னிக்கு வந்தனர். 1996இற் கிளிநொச்சி நகரும் போரில் வீழ்ந்தபோது, நகரத்தவர் அக்கராயனுக்கும் ஸ்கந்தபுரத்துக்கும் அவற்றுக்கு அப்பாலுள்ள ஊர்களுக்கும் பெயர்ந்தனர். கடைகளும் பாடசாலைகளும் அலுவலகங்களும் மக்களைப் பின்தொடர்ந்தன. சிற்றூர் சில காலம் நகரமாயிற்று. மரங்களின் கீழே தறப்பாள் கூரைகள். அத்தறப்பாளின் கீழ்ப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். ஆசிரியர்கள் மரத்தடியிற் பலகை சாத்திப் பாடஞ் சொன்னார்கள். 2008இன் பிற்பகுதியிற் போர் மீண்டும் அவ்வூரை அணுகியபோது, முன்பு அடைக்கலம் கொடுத்தவர்களும் கூரைத் தகரத்தைக் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு கிழக்கே போனார்கள். மரங்களும் தட்டுமுட்டுக்களும் தறப்பாளுமாக அப்பெட்டிகளே மாதக்கணக்கில் அவர்களுக்கு வீடாயின.

இத்துயரின் கணக்கில் எவரையும் விட்டுவிடுதல் தகாது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் 70,000 பேருக்கு மேல், விடுதலைப் புலிகளால் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தனர். மடுவின் யாத்திரைக் கொட்டில்கள் நின்ற அதே காடு 1990 முதல் அகதிகள் தங்கும் முகாமாயிற்று. 1999 நவம்பர் 20ஆம் நாள் அத்திருத்தலத்தில் எறிகணை வீழ்ந்து, தஞ்சமடைந்திருந்தோர் நாற்பது பேரளவில் மாண்டனர். 1670இல் ஒதுக்கிடம் தேடி வந்தோரின் காடு முந்நூறாண்டுக்குப் பின்னும் ஒதுக்கிடமாகவே இருக்க நேர்ந்தது. 2009இல் போர் முடிந்தபோது, இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டனர்; மிகப்பெரும் பகுதியினர் இருந்தது செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில். காடு வெட்டிய செம்மண்ணில் வெண்கூடாரங்கள் வரிசை வரிசையாக நின்றன. அதன் கடைசிக் கூடாரம் கழற்றப்பட்டது 2012 செப்டெம்பரிலேதான். அதே 2012இல், இறுதிப் போரின் களமாக இருந்த நந்திக்கடலின் ஓரத்திலே இராணுவம் ஒரு விடுமுறை விடுதியைத் திறந்தது. இவ்விரு செய்திகளையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்தால் அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

அங்ஙனமாயின் எவரும் வன்னிக்குப் போய்த் தங்கக் கூடாதா? அவ்வாறு சொல்வது மக்களின் பிழைப்பில் மண் போடுவதாகும். 2013இற் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் இரயில் திரும்பி வந்தது. 2015இற் சுண்டிக்குளமும் மடுவீதிக் காடும் தேசியப் பூங்காக்களாயின. 2016இல் இலங்கை மலேரியா நீங்கிய நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. முன்னோரை அச்சுறுத்திய தடைகள் பல நீங்கியுள்ளன. ஆசிரியரும் மாணவரும் போகட்டும். வன்னியைப் பாடப்புத்தகமாகவே படிக்கட்டும்.

திட்டமிடும்போது மட்டும் வண்டில்காரனின் அறிவையும் யாத்திரிகனின் ஒழுக்கத்தையும் கைக்கொள்க. மாரி மழையிற் குளங்கள் வான்பாயும். செம்மண் பாதை சேறாகும். தை பிறந்து மழை ஓய்ந்தபின், குளத்தில் நீரும் மரத்தில் இலையும் இருக்கும் மாதங்களே ஏற்றவை. சோளகக் காலத்திற் போவோர் குடிநீரைக் கணக்கிட்டுக் கொண்டுபோக வேண்டும். ஊரவர் குடிக்கும் கிணற்றை உல்லாசப் பயணி இறைத்துத் தீர்ப்பது பாவம். யானை நீருக்கு வரும் தடத்திற் கூடாரம் அடிக்கலாகாது. எச்சரிக்கைப் பலகையுள்ள நிலத்திற் கால் வைத்தலும் ஆகாது. கண்ணிவெடி அகற்றுவோரின் பணி ஆண்டுக்கணக்காக நீளும் பணி. பயணத்துக்கு வேண்டிய அனைத்தையும் நகரத்திலிருந்து பெட்டி பெட்டியாய்க் கொண்டுபோய்க் குப்பையை மட்டும் விட்டுவருவது பழைய துரையின் வழி. அரிசியையும் மீனையும் தயிரையும் அவ்வூரிலே உரிய விலை கொடுத்து வாங்குவதும், வழிகாட்டுபவனுக்கும் சமைப்பவளுக்கும் பேரம் பேசாது கூலி கொடுப்பதும் மனிதர் வழி.

இவை தனிமனிதர் செய்யக்கூடியவை. இவற்றுக்கு மேலும் ஒன்று உண்டு. குளக்கரையில் விடுதி எழும்போது நிலம் யார் கைக்குப் போகிறது, அதிற் கிடைக்கும் இலாபம் யாருக்கு என்று கேட்க வேண்டும். காடு வெட்டிக் கழனியாக்கி, காய்ச்சலிற் செத்து, தறப்பாளின் கீழ்ப் பிள்ளை வளர்த்த மக்கள் அவ்விடுதியின் வாசற் காவலராகவும் கோப்பை கழுவுவோராகவும் மட்டும் நிற்பதற்கு இடங்கொடுக்கலாகாது. கிராமத்தின் கூட்டுறவுச் சங்கம் அமைக்கும் குடிலில், ஊரார் விதிக்கும் ஒழுங்குக்கு அமைந்து, எவரும் சாதியும் சமயமும் மொழியும் கேட்கப்படாமல் இராத்தங்கும் நிலையை உண்டாக்குவதே நாம் முன்வைக்க வேண்டிய திட்டம்.

வன்னிக் காட்டில் விரும்பித் தங்கியோர் சிலர். வேறு வழியின்றித் தங்கியோர் பலர். கூடாரம் என்ற சொல்லைக் கேட்டதும் முட்கம்பியை நினைக்கும் ஒரு தலைமுறை அங்கு இன்னும் வாழ்கிறது. அவர்களுடைய பிள்ளைகள் தம் குளக்கரையிலே தாமே விரும்பி ஒரு கூடாரம் அடித்து, நெருப்பு மூட்டி, கதை பேசி, அச்சமின்றி உறங்கியெழும் நாள் வரவேண்டும்.